புதுக்கடை ஏற்றத்தில் உன் மோட்டார் சைக்கிள்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
20.10.2002

அன்பு மகன் றொபேட் அறிய மம்மி எழுதுவது,

அந்தோனியாரின் காவலில் நானும் டடியும் தங்கச்சி மேபலும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அந்தக் குளிரில் இருமல் தடிமன் அண்டாமல் சுகமாய் இருக்க வேண்டுமென்று செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடைக் கோவிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துகிறேன். ரொறன்ரோவில் இப்போதே மரமெல்லாம் இலை கொட்டி விட்டதாகப் போனில் சொன்னாய், காதை மூடுகிற தொப்பியைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போ. போனில் எல்லாம் சொல்ல முடியவில்லை, நான் தொடங்க முதலே போன் கார்ட் முடிந்து போனது, அதனால்தான் இந்த நீளக் கடிதம். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், அடக்கி வைக்க என்னால் முடியவில்லை. உன்னுடைய பழைய மோட்டார் சைக்கிள் ஓடுகிறது மகன். சும்மா ஓடவில்லை, டடியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புதுக்கடை ஏற்றத்தில் ஏறியது. நான் என் கண்ணால் பார்த்தேன்.

நடந்ததை ஒழுங்காய்ச் சொல்கிறேன். சமாதானம் என்று சோதனைச் சாவடிகளைத் தூக்கின பிறகு எங்கள் ஆட்களும் பயமில்லாமல் வெளியே போய் வருகிறார்கள், அது உனக்குத் தெரியும். மேபல் வேலை செய்கிற கோட்டைக் கந்தோரில் சனி ஞாயிறுகளில் மண் ரோட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. அவளும் அவர்களோடு நீர்கொழும்புப் பக்கம் போய், யாருடையதையோ இரவல் வாங்கி ஓட்டிப் பழகியிருக்கிறாள். எங்களுக்குச் சொன்னது சிநேகிதி வீட்டுக்குப் போகிறேன் என்று. பிறகு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அங்கே ஒரு தென்னந்தோட்டத்தில் பெண்களுக்கென்று தனியாக ஒரு போட்டி வைக்கிறார்கள், என் பெயரையும் குடுத்திட்டன், ஆனால் அவரவர் சைக்கிள் கொண்டு போக வேணும், நானாவின்ரை சைக்கிளை எடுக்கட்டா என்று ஒரே மூச்சில் கேட்டாள். உன்னைத்தான் அண்ணா என்னாமல் நானா என்கிறாள், சின்ன வயதில் பக்கத்து வீட்டுப் பாத்திமாவோடு திரிந்து பழகினது இன்னும் விடவில்லை. டடி சாப்பாட்டுக் கோப்பையில் இருந்து தலையை எடுக்கவில்லை. நான்தான், எடு பிள்ளை, அது நடைக்குள்ளே சும்மாதானே நிற்கிறது என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

சைக்கிள் உதைத்தவுடன் பிடித்தது. நீ போன பிறகு பத்து வருஷமாய் நின்ற சாமான் இப்படி உடனே பிடிக்கிறதே என்று எங்களுக்குப் பெரிய அதிசயம். ஆனால் பிடித்ததோடு சரி. மெல்லமாய் உறுமிக்கொண்டு நிற்கும், அக்சிலேற்றரைத் திருகினால் இரைச்சல் கூடுவதற்குப் பதிலாக இருமிக்கொண்டு அடங்கும், இழுவை என்பது கிடையாது. மேபல் அதை ஒரு வியாழக்கிழமை புதுக்கடைப் பக்கம் கொண்டு வந்தாள். நான் டைப் அடிக்கிற இராசரத்தினம் வக்கீலின் கந்தோர் மாடியில் என்றபடியால் ஜன்னலால் ரோட்டு முழுவதும் தெரியும். ஏற்றத்தின் பாதியில் உன் சைக்கிள் நடக்கிற ஆட்களை விட மெல்லமாய்ப் போனது, பிறகு நின்றே விட்டது. பின்னால் பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் இன்னொரு பஸ். கொண்டக்டர் வெளியே தொங்கிக்கொண்டு, தங்கச்சி, பஸ்ஸிலை ஏத்திக்கொண்டு போவமா என்று சிங்களத்தில் கேட்கிறான். வழக்குக் கோட்டு வாசலில் கறுப்புக் கோட்டுப் போட்ட வக்கீல்மார் எல்லோரும் வேடிக்கை பார்க்கிறார்கள். நான் கீழே ஓடிப்போய், இரண்டு பேருமாய்த் தள்ளி ஓரத்துக்கு எடுத்தோம். மேபல் அழவில்லை, ஆனால் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, கண்ணாடியைத் திறக்கவும் இல்லை, அதனால் எனக்கு விளங்கியது.

அன்று பின்னேரம் டடி பேசினார். அவர் அதிகம் பேசாதவர், பேசினால் முடிவோடுதான் பேசுவார். மருதானையில் பழைய சைக்கிள் வாங்குகிற ஒருவரிடம் கதைத்துவிட்டாராம், அடுத்த கிழமை ஞாயிறு பூசை முடிய வந்து எடுத்துப் போவாராம். மேபல் எழும்பி, ஏன் டடி, திருத்திப் பார்க்காமலே ஏன் குடுக்கிறீங்கள் என்று கேட்டாள். அதற்கு அவர், ஒரு பிள்ளையை வெளிநாட்டுக்குக் குடுத்தாச்சு, மற்றப் பிள்ளையை ரோட்டுக்குக் குடுக்க என்னாலை ஏலாது என்றார். மேபல் விடவில்லை, சரி டடி, ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை அந்த ஏற்றத்திலை ஏறினா? ஏறினா விற்க மாட்டீங்கள்தானே என்று கேட்டாள். அவர், ஏறினா பார்ப்பம் என்றார். அந்தச் சைக்கிள் ஏறாது என்று அவர் நிச்சயமாய் நம்பினார் என்றுதான் நான் நினைத்தேன்.

மருதானையில் சிரில் பாஸ் என்று உயரமான ஒரு மெக்கானிக் கராஜ் வைத்திருக்கிறார், மேபலின் சிநேகிதர்கள் எல்லோரும் அவரிடம்தான் போவார்கள். நல்ல மனிசன். காபரேற்றரைக் கழற்றிப் பெற்றோலில் ஊறப்போட்டுச் சின்னச் சின்ன ஓட்டைகளை எல்லாம் ஊதித் துடைத்தார். காற்று வடிக்கிற பஞ்சு தொட்டவுடன் பிட்டுப் போல உதிர்ந்தது, அதற்குப் புதிதாய் ஒன்று வெட்டி வைத்தார். பிளக்கைக் கழற்றினால் கரி பிடித்து ஒயில் வடிகிறது, அதையும் மாற்றினார். அடுத்த நாள் காலையில் கொஞ்சம் நன்றாய் இருந்தது போல இருந்தது, பின்னேரம் பழையபடிதான். புதுப் பிளக்கும் கரியாகிவிட்டது. பிறகு அவர் எஞ்சினுக்குள் அமுக்கம் இருக்கிறதா என்று அளந்து பார்த்தார், அது சரியாய் இருந்தது. பிஸ்டன் தேயவில்லை. எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா இழுக்கேல்லை, எனக்கே விளங்கேல்லை மிஸ், இந்தக் காலத்துச் சைக்கிளுக்குச் சாமானும் எடுக்கேலாது, வாற ஆளுக்குக் குடுத்திடுங்கோ என்று சிங்களமும் தமிழும் கலந்து சொன்னார். மேபல் அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை அதைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மருதானையிலிருந்து கொட்டாஞ்சேனை வரைக்கும் தள்ளினாள் மகன். காலில் கொப்புளம்.

இனி நான் சொல்லப் போவதை நீ நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி. அன்று மேபல் முற்றத்தில் அதை இன்னொருமுறை உதைத்துப் பார்த்தாள். நான் பின்னால் நின்றேன். புகை முகத்துக்கு வர, கையால் விசுக்கப் போய் என் உள்ளங்கை சைலன்சர் வாய்க்கு நேரே போனது. கையில் காற்றே படவில்லை. சூடு தெரிகிறது, புகை நூல் போல வருகிறது, ஆனால் ஊதுகிற ஊதல் இல்லை. எனக்கு இழுப்பு வரும் நேரங்களில் நீ என் முதுகைத் தடவிக்கொண்டு இருந்திருக்கிறாய்தானே. பார்க்கிற ஆட்களுக்கு நான் மூச்சை எடுக்க முடியாமல் தவிக்கிறது போல இருக்கும். எடுக்கிறது அல்ல கஷ்டம், எடுத்ததை வெளியே விடுகிறதுதான் கஷ்டம். உள்ளே இருக்கிறது போகாமல் புதிது எப்படி வரும்? அந்த நேரம் அதுதான் எனக்கு மனதில் பட்டது. உடனே றோட்டுக்குப் போய், எங்கள் சந்தியில் நிற்கிற ஓட்டோக்காரப் பொடியனிடம், தம்பி ஒருக்கா ஸ்டார்ட் பண்ணு என்று சொல்லி, குந்தியிருந்து அவனுடைய சைலன்சருக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்தேன். அதுவும் இதே மாதிரி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்தான், எஞ்சினோ சின்னது, ஆனால் பட பட என்று உள்ளங்கையை அறைந்தது. அவன், அன்ரி சுகமில்லையா, ஆஸ்பத்திரிக்குப் போவமா என்று கேட்டான். நான் அப்படியே ஓடி வந்தேன். இந்த வயதில் றோட்டில் ஓடினேன் என்று மாதா சங்கத்தில் இன்னும் கதைக்கிறார்களாம்.

சனிக்கிழமை காலையில் சிரில் பாஸுக்குப் போன் பண்ணிச் சொன்னோம். அவர் பெரிதாய்ச் சிரித்தார். முன்பக்கம் முழுக்கப் பார்த்தன், பின்னாலை போய் நிக்கேல்லையே மிஸ் என்று சொல்லி, கராஜைப் பூட்டிவிட்டு அவரே வீட்டுக்கு வந்துவிட்டார். சைலன்சரைக் கழற்றி நிமிர்த்திப் பிடித்தால், கம்பி கூடப் போகவில்லை. உள்ளே கரியும் ஒயிலும் சேர்ந்து தார் போல இறுகி அடைத்திருக்கிறது. இதைச் சுட்டுத்தான் எடுக்க வேணும் என்றார். பின்வளவில் தேங்காய்ச் சிரட்டையும் பொச்சும் போட்டு நெருப்பு மூட்டி, சைலன்சரை அதற்கு மேலே வைத்தார்கள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு வந்தது பார் ஒரு புகை, கறுத்துத் தடித்து, எங்கள் கூரைக்கு மேலே ஏறி, ஒழுங்கை முழுவதும் பரவி, காயப்போட்ட உடுப்புகளை எல்லாம் மூடியது. ஒழுங்கையில் ஒரு வீடு மிச்சமில்லாமல் சனம் வெளியே வந்துவிட்டது. மாடியில் குடியிருக்கிற பொன்னம்பலத்தாரை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆட்கள், கூட்டுறவுக் கந்தோரில் இருந்து பென்சன் எடுத்தவர். அவர் ஒரு வாளி தண்ணீரைத் தூக்கிக்கொண்டு படியால் இறங்கி வந்தார். நெருப்பைச் சுற்றி நாங்கள் நிற்பதைப் பார்த்தவுடன் வாளியைக் கீழே வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு, நான் பயந்து போனன் மிஸிஸ் றேமண்ட், உங்கட அவர் கிழமைக்கு ஒருக்கா சைக்கிளை ஸ்டார்ட் பண்ணி விடுற புகைதானே எண்டு முதல் பேசாமல் இருந்தனான், இண்டைக்கு என்ன இவ்வளவு எண்டுதான் ஓடி வந்தனான் என்றார்.

நான் டடியைப் பார்த்தேன். மேபலும் பார்த்தாள். டடி நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிரில் பாஸ்தான் மெல்லமாய், ஐயா, ஒயில் எவ்வளவு கலந்தீங்கள் என்று கேட்டார். டடி, கொஞ்சம் கூடத்தான், துருப் பிடிக்கக் கூடாது எண்டு என்றார். அவ்வளவுதான் சொன்னார். மிச்சத்தை நாங்கள் கேட்டுக் கேட்டுத்தான் எடுத்தோம். நீ வெளிநாடு போன மாதத்திலிருந்தே அவர் அதைச் செய்து வந்திருக்கிறார். துறைமுகத்தில் இரவு வேலை செய்த காலத்தில் பகலில் வீட்டில் தனியேதானே இருப்பார், பென்சன் எடுத்த பிறகும் அப்படித்தான். நானும் மேபலும் கந்தோருக்குப் போன பிறகு நடைக்குள்ளேயே சைக்கிளை உதைத்து, ஒரு தேத்தண்ணி குடித்து முடிகிற மட்டும் ஓட விட்டு நிறுத்துவார். பெற்றோலில் ஒயிலைத் தாராளமாய்க் கலந்திருக்கிறார், எஞ்சின் காயக் கூடாதே என்று. றோட்டில் ஒருநாளும் எடுத்ததில்லை. வேகமாய் ஓடினால்தான் அந்த ஒயில் எரிந்து வெளியே போகுமாம், நின்ற இடத்தில் மெல்லமாய் ஓடினால் எரியாமல் போய்க் குழாயில் படிந்துகொண்டே வருமாம், சிரில் பாஸ் விளங்கப்படுத்தினார். உதைத்தவுடன் பிடித்த காரணமும் அதுதான், மூச்சு அடைத்த காரணமும் அதுதான். ஏன் டடி எங்களுக்குச் சொல்லேல்லை என்று மேபல் கேட்டதற்கு, றொபேட் வந்தா உதைச்ச உடனே ஓட வேணும், அதுக்குத்தான் என்றார். அப்படியெண்டா விக்கப் போனது ஏன் என்று நான் கேட்டேன். அவர் தடியால் நெருப்பைக் கிளறிக்கொண்டே, ஏற்றத்திலை நிண்டிட்டுதாம் எண்டு நீ வந்து சொன்னாய்தானே, அதுக்குப் பிறகு அதைப் பார்க்க எனக்கு மனம் வரேல்லை என்றார். பாவம் மனிசன், நான் அவரைக் கல்நெஞ்சன் என்று நினைத்துக்கொண்டு கிழமை முழுவதும் சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுக் கதைக்காமல் போயிருக்கிறேன்.

பிறகு டடியை யாராலும் பிடிக்க முடியவில்லை. சைலன்சர் ஆறினவுடன் கட்டையால் தட்டித் தட்டி அதிலிருந்த கரியை எல்லாம் கொட்டினார், பழைய சங்கிலி ஒன்றை உள்ளே விட்டு ஆட்டு ஆட்டென்று ஆட்டினார், வெளியே வந்த கரி ஒரு சுளகு நிறைய இருந்தது. எஞ்சினில் புகை வெளியேறுகிற வாசலிலும் கரி தடித்திருந்தது, அதை சிரில் பாஸ் மரக் குச்சியால் பூப்போலச் சுரண்டி எடுத்தார். தாங்கியில் இருந்த பெற்றோலை வெளியே ஊற்றிவிட்டு, ஒயிலை அளந்து கலந்து புதிதாய் விட்டார்கள். மேபல் உதைத்தாள். மகன், அந்தச் சத்தம் நீ இருந்த காலத்துச் சத்தம். நான் ஓடிப்போய்ச் சைலன்சர் வாயில் கையை வைத்தேன், அறைந்த அறையில் கை பின்னால் போனது, உள்ளங்கை முழுவதும் கறுப்புப் புள்ளி. பொன்னம்பலத்தார் அந்த வாளித் தண்ணீரில்தான் கை கழுவத் தந்தார்.

ஞாயிறு முதல் பூசை முடிந்து நேரே புதுக்கடைக்குப் போனோம். கோட்டில் வழக்கு இல்லாத நாள், றோட்டில் காகம் மட்டும்தான். நான் ஏற்றத்தின் உச்சியில் நின்றேன். மேபல் கீழே நிற்க, டடி அவளோடு ஏதோ கதைத்துக்கொண்டிருந்தார், பிறகு பார்த்தால் கோவிலுக்குப் போட்ட வெள்ளைக் காற்சட்டையோடு பின்னால் ஏறி இருக்கிறார். பாரம் இல்லாமல் ஏறினா அது ஏற்றமில்லை என்றாராம். மெல்லமாய்த் தொடங்கினாள். அன்று சைக்கிள் நின்றுபோன அந்த இடம் வரைக்கும் சும்மா சாதாரணமாய் வந்தது. அதற்குப் பிறகு சத்தம் மாறிக் கீச்சென்று ஏறியது, யாரோ பின்னாலிருந்து ஒரு தள்ளுத் தள்ளியது போல சைக்கிள் பாய்ந்தது, முன் சில்லு ஒரு சாண் நிலத்தை விட்டு எழும்பியது. டடி மேபலின் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். என்னைக் கடந்து போகும்போது அவர் சிரித்துக்கொண்டு போனார் றொபேட். எயார்போட்டில் உன்னை அனுப்பிவிட்டு வந்த பிறகு அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை. சைக்கிளை வாங்க இருந்த மருதானை ஆள் மத்தியானம் லொறியோடு வந்தார். டடி அவருக்குத் தேத்தண்ணி குடுத்து, சைக்கிளைக் காட்டி, சத்தத்தையும் கேட்க வைத்து, விக்கிறதில்லை என்று சொல்லி அனுப்பினார். அந்த மனிசனும் கோபிக்கவில்லை, இதை வித்தா உங்களுக்குப் பாவம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

போட்டி நேற்றுத்தான் முடிந்தது. பொன்னம்பலத்தாரின் மருமகனுடைய மீன் லொறியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போனோம். முதல் நாள் மழை, தோட்டம் முழுவதும் செம்மண் சேறு. மற்றப் பிள்ளைகளின் சைக்கிள்கள் எல்லாம் புதுசு, எங்களுடையது மட்டும்தான் நெளிந்த மட்கார்ட்டோடு. கொடி விழுந்தவுடன் மேபல் கடைசியாய்த்தான் போனாள், முதல் வளைவிலேயே சறுக்கி விழுந்தாள். நான் கண்ணை மூடி மாதாவைக் கூப்பிட்டேன். திறந்து பார்க்கும்போது எழும்பி உதைக்கிறாள், உதைத்தவுடன் பிடித்தது. அங்கே ஒரு மேடு இருக்கிறது, வீடு உயரம் வரும், அதில்தான் மற்றவர்கள் திணறினார்கள். எங்கள் பிள்ளை அதில் ஒவ்வொரு சுற்றிலும் ஒருவரை முந்தினாள். டடி கயிற்றுக்கு இந்தப் பக்கம் அவளோடு சேர்ந்து ஓடுகிறார், சேற்றில் ஒரு செருப்பு போய்விட்டது, தெரியாது. விடு பிள்ளை விடு, முழுக்கத் திருகு என்று தமிழில் கத்துகிறார், பக்கத்தில் நின்ற சிங்களப் பெடியன்களும் அர்த்தம் தெரியாமல் விடு பிள்ளை விடு என்று கத்துகிறார்கள். கண்டியிலிருந்து வந்த ஒரு பிள்ளை முதலாவது, நல்ல கெட்டிக்காரி. மேபல் இரண்டாவது. அரை சில்லு இடைவெளிதான். முடிந்த பிறகு ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வந்தாள், பல் மட்டும்தான் வெள்ளை, மற்றதெல்லாம் சேறு, அப்படியே டடியைக் கட்டிப் பிடித்தாள். முழங்கையில் உரசல்தான், மருந்து போட்டிருக்கிறது, நீ பயப்பட வேண்டாம்.

திரும்பி வரும்போது லொறியின் பின்பக்கத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். வத்தளை தாண்டினவுடன் டடி என்னைப் பார்த்து, கொன்ஸ்ரன்ஸ், அவனுக்கு எழுது என்றார். என்ன எழுத என்று கேட்டேன். சைக்கிள் இன்னும் அவன்ரை பேரிலைதான் கிடக்கு, மேபலின்ரை பேருக்கு மாத்த வேணும், அவன் சம்மதம் எண்டு கையெழுத்து வைச்சு அனுப்பச் சொல்லு என்றார். மேபல் சைக்கிளின் சீற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். நீ வந்தால் ஓட வேண்டும் என்று பத்து வருஷம் காத்த மனிசன் இதைச் சொல்ல எவ்வளவு யோசித்திருப்பார் என்று எனக்குத் தெரியும். உனக்கு அங்கே வேலை இருக்கிறது, வீடு வாங்கப் போகிறாய், வருகிறதென்றால் விருந்தாளியாய்த்தான் வருவாய், அது எங்களுக்கும் விளங்குகிறது மகன், அதில் மனவருத்தம் ஒன்றும் இல்லை. பிறகு அவரே, அவன் வரேக்கை மேபல் அவனைப் பின்னாலை ஏத்திக்கொண்டு போவாள்தானே என்றார். அப்போது லொறி விக்டோரியாப் பாலத்தில் ஏறியது, களனி ஆற்றில் வெயில் விழுந்து தகதகத்தது, நாங்கள் மூன்று பேரும் சேறும் சிரிப்புமாய் இருந்தோம்.

ஆகையால் கையெழுத்தை மறக்காமல் இந்த மாதத்துக்குள்ளேயே அனுப்பு, அடுத்த போட்டி தை மாதத்துக்கு முதல் வருகிறதாம். பல்லு வலிக்கிறது என்று சொன்னாயே, தள்ளிப் போடாமல் டொக்டரிடம் காட்டு. ஞாயிறு பூசையைத் தவற விடாதே. மேபலுக்கு நீ தனியாக ஒரு வரி எழுதினால் அவள் அதைக் கட்டிலுக்கு மேலே ஒட்டி வைப்பாள். போகிற வழியிலும் வருகிற வழியிலும் மாதா உன் கையைப் பிடித்துக்கொள்ளட்டும், உன் காவல் தூதரான சம்மனசு உன்னை விட்டு ஒரு அடி விலகாமல் இருக்கட்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு.

முத்தங்களோடு,
உன் மம்மி
கொன்ஸ்ரன்ஸ் றேமண்ட்